விஞ்ஞானப் படங்களில் பெண்: அதுவா, அவளா?

வருங்காலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வரும் திரைப்படங்களுக்கு இன்று பஞ்சமில்லை. விண்வெளிக் கப்பலும், வேற்றுலக மாந்தரும், மனித உருக்கொண்ட இயந்திரமும் திரையில் நமக்குப் பழகிய காட்சிகள் ஆகிவிட்டன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இப்படங்களைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பார்க்கின்றன. குழந்தைகளைத் துணிந்து அழைத்துச் செல்லலாம் என்ற எண்ணமும் பெற்றோரிடம் உண்டு. ஆனால், இவற்றைக் குறித்து நெடுங்காலமாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. நூறாண்டுக்கு அப்பாலுள்ள நகரத்தையும் ஊர்தியையும் கற்பனை செய்யத் தெரிந்த கலைஞர்களுக்கு, நூறாண்டுக்கு அப்பாலுள்ள பெண்ணைக் கற்பனை செய்ய மட்டும் தெரியாமற் போனது ஏன் என்பதே அவ்விவாதம்.

குற்றச்சாட்டுகள் பலவகைப்பட்டவை. 1950-களில் ஹாலிவுட்டிலிருந்து வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் பெண்ணுக்கு இரண்டே வேலைகள் இருந்தன: பூதத்தைக் கண்டு அலறுவது ஒன்று, காப்பாற்றிய வீரனை மணப்பது மற்றொன்று. 1956-இல் வெளிவந்த 'ஃபர்பிடன் பிளானெட்' அவற்றுள் தரமான படம். அதிலுங்கூட, தந்தையையன்றி வேறு மனிதரைக் கண்டறியாமல் வேற்றுக் கிரகத்தில் வளர்ந்த பெண்ணை, பூமியிலிருந்து சென்ற கப்பல் தலைவன் அவளுடைய உடைக்காகக் கடிந்துகொள்கிறான். அண்டவெளியைக் கடந்தவர், தம் ஊர்த் திண்ணையையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார்! இவ்வகைக் குறைகள் எளிதிற் கண்ணுக்குப் புலப்படுபவை. நீளப் பேச வேண்டியதில்லை. நாம் இங்கே எடுத்துக்கொள்வது இன்னும் நுட்பமான ஒரு பாத்திரம். மனிதன் தன் கையாலேயே செய்துகொள்ளும் பெண்.

அவளைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. தொல்காப்பியர் மக்களை உயர்திணையிலும் மற்றெல்லாவற்றையும் அஃறிணையிலும் வைத்தார். பின்வந்த நன்னூலார் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டார். இயந்திரத்தைச் சேர்க்கும் அவசியம் அவருக்கு நேரவில்லை. இந்தியில் நாற்காலிக்கும் பால் உண்டு. ஆதலால் அம்மொழியில் ஓர் இயந்திரத்தைப் பெண்பாலிற் கூறிவிட்டால் அதனால் ஒன்றும் பெரிதாக ஒப்புக்கொண்டதாகாது. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றும் நம்மைக் கேட்கிறது: வந்தாளா, வந்ததா? இதற்கு விடை உருவத்தில் இல்லை. சேலை உடுத்திய பொம்மையும் பொம்மைதான். விரும்பவும், அதைவிட முக்கியமாக, 'வேண்டாம்' என்று மறுக்கவும் வல்லதா என்பதைக் கொண்டே அதுவா அவளா என்று நாம் தீர்மானிக்கிறோம். இப்படங்களில் பெண்ணின் மறுப்புக்கு என்ன நேருகிறது என்று பார்த்தால், படத்தின் உள்ளமும் வெளிப்பட்டுவிடும் என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூலமான 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வெளிவந்தது. எழுதியவர் மேரி ஷெல்லி. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. உயிர் கொடுக்கப்பட்ட பூதம் தனக்கொரு துணைவி வேண்டுமென்று கேட்க, அதைச் செய்த விஞ்ஞானி ஒரு பெண்ணுருவையும் செய்யத் தொடங்குகிறான். பாதியில் அவனுக்கு அச்சம் பிறக்கிறது. தான் பிறக்கும் முன்பே பிறர் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அவள் கட்டுப்பட மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவன் எண்ணுகிறான். அந்த உருவைச் சிதைத்துவிடுகிறான். பிறவாத ஒருத்திக்குச் சொந்த விருப்பம் இருக்கக்கூடும் என்பதை அந்த இளம் ஆசிரியை அன்றே கண்டிருந்தார். 1935-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற படத்தில் அந்தத் துணைவி உயிர் பெற்றுவிடுகிறாள். எல்ஸா லான்செஸ்டர் என்ற நடிகையே முன்னுரைக் காட்சியில் மேரி ஷெல்லியாகவும், இறுதியில் மணமகளாகவும் தோன்றுகிறார். படத்தின் பெயரே அவளுடையது. எனினும் கடைசிச் சில நிமிஷங்களில்தான் அவள் வருகிறாள். பேச்சு ஒரு சொல்லும் இல்லை. தனக்கென நிச்சயிக்கப்பட்டவனைக் கண்டு வீறிடுகிறாள். அந்த அலறல்தான் அவளுடைய மறுப்பு. உடனே ஆய்வுக்கூடம் அவளுடன் சேர்ந்து தகர்க்கப்படுகிறது.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1927 ஜனவரியில், பெர்லின் நகரில் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படம் திரையிடப்பட்டது. இயக்கியவர் ஃபிரிட்ஸ் லாங். கதையையும் திரைக்கதையின் பெரும்பகுதியையும் வகுத்தவர் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூ. மேலே செல்வரும் கீழே தொழிலாளரும் வாழும் எதிர்கால நகரம் அது. மரியா என்ற பெண் தொழிலாளருக்குப் பொறுமையைப் போதிக்கிறாள். நகர அதிபன் ஃபிரெடர்ஸன், ரோட்வாங் என்ற விஞ்ஞானி செய்து வைத்துள்ள இயந்திரத்துக்கு மரியாவின் முகத்தைக் கொடுக்கச் செய்து, தொழிலாளரிடையே அனுப்புகிறான். போலி மரியா கேளிக்கை விடுதியில் ஆடுகிறது. ஆடவர் அதற்காக ஒருவரையொருவர் தாக்கிக்கொள்கின்றனர். தொழிலாளரைத் தூண்டி இயந்திரங்களை உடைக்கச் செய்கிறது. அவர்களுடைய குடியிருப்பையே வெள்ளம் சூழ்கிறது. இறுதியில் கட்டையிற் கட்டி எரிக்கிறார்கள். தசை மறைந்து உலோகம் தெரிகிறது. நல்ல மரியாவோ குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். இரு வேடங்களையும் ஏற்றவர் பிரிகிட்டே ஹெல்ம் என்ற இளம் நடிகை. அந்த உலோகத் தோற்றமுடைய கனத்த உடுப்புக்குள் நின்று வருந்தியவரும் அவரே.

கன்னியா, கணிகையா என்று பெண்ணை இரண்டே கூறாக்கி, கணிகையை இயந்திரமாக்கிய படம் என்று இதனைக் கண்டித்தவர் பலர். கண்டனம் சரியே. ஆனால், இப்படத்தில் மூன்றாவதாக ஒரு பெண் இருந்தாள் என்பதைப் பல்லாண்டுகளாக உலகம் அறியவில்லை. அவள் பெயர் ஹெல். ரோட்வாங் காதலித்த பெண். அவனை விட்டு ஃபிரெடர்ஸனை மணந்து, மகனைப் பெற்றபோது இறந்தவள். அவளுடைய மாபெரும் கற்சிலையைத் தன் வீட்டில் வைத்திருக்கும் ரோட்வாங், அவளுக்கு ஈடாகவே அந்த இயந்திரத்தைச் செய்கிறான். அம்முயற்சியில் ஒரு கையையும் இழந்திருக்கிறான். தன்னை விட்டுச் சென்றவளை, இனி விட்டுச் செல்ல இயலாத உருவில் திரும்பப் பெற வேண்டும் என்பதே அவன் ஆசை. அமெரிக்காவுக்காகப் படத்தைச் சுருக்கியபோது, அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப்போல் ஒலிக்கிறதென்று ஹெல் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டார்கள். காரணத்தை வெட்டிவிட்டுக் காரியத்தை மட்டும் மிச்சம் வைத்ததால், எஞ்சியது ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியும் ஒரு தீய பெண்ணுருவுந்தான். 2008-இல் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில் நீண்ட பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டு, 2010-இல் செப்பனிட்ட படம் திரையிடப்பட்ட பிறகுதான் ஹெல்லின் கதை பெருமளவு மீண்டும் இடம்பெற்றது. பெண்ணைத் திரை எவ்வாறு காட்டியது என்று விவாதிக்கும்போது, கத்தரிக்கோல் எங்கே பாய்ந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். ஹார்பூ ஒரு பெண். பெண் எழுதிவிட்டால் மட்டும் பெண்ணின் சித்திரம் நேராகிவிடுவதில்லை. (இவரே பின்னாளில் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார், அதே காலத்தில் அயி தெண்டுல்கர் என்ற இந்தியரை ரகசியமாக மணந்திருந்தார். மனித உள்ளம் எந்த இயந்திரத்தையும்விடச் சிக்கலானதுதான்.)

விவாதம் சூடு பிடித்தது 1970-களில். ஐரா லெவின் 1972-இல் எழுதிய நாவல், 1975-இல் 'ஸ்டெப்ஃபோர்ட் ஒய்வ்ஸ்' என்ற படமாயிற்று. நியூயார்க்கிலிருந்து ஓர் அமைதியான சிற்றூருக்குக் குடியேறும் ஜொவான்னா, அவ்வூர் மனைவிமார் அனைவரும் வீடு துடைப்பதிலும் கணவனைப் புகழ்வதிலுமே ஆனந்தம் காண்பதைக் கண்டு வியக்கிறாள். அவ்வூர்க் கணவர்கள் ஒரு சங்கம் கூட்டி, தத்தம் மனைவியரை அகற்றிவிட்டு, அதே முகமுடைய இயந்திரங்களை அவர்கள் இடத்தில் வைக்கிறார்கள் என்பது பிறகு தெரிய வருகிறது. பூதமும் இல்லை, விண்கலமும் இல்லை. கடைசிக் காட்சியில், கடைத்தெருவில் சாமான் வாங்கும் மனைவியர் ஒருவரையொருவர் இன்முகத்துடன் விசாரித்துக்கொண்டு செல்கிறார்கள். அவ்வளவே. இதைவிடத் திகிலான முடிவு சில படங்களிலேயே உண்டு. அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் தலைவியருள் ஒருவரான பெட்டி ஃபிரீடன், தம் இயக்கத்தை வைத்துப் பணம் பண்ணும் முயற்சி என்று இப்படத்தைச் சாடினார். வேறு பலரோ, ஆடவரின் உள்ளத்தில் ஒளிந்துள்ள ஆசையை இது வெளிச்சமிட்டுக் காட்டுகிறது என்றார்கள். நமக்குப் பின்னவர் கூற்றே பொருந்துவதாகத் தோன்றுகிறது. மறுக்கும் மனைவியைவிட மறுக்காத பொம்மையே மேல் என்று எண்ணும் கணவனை இப்படம் கதாநாயகன் ஆக்கவில்லை. நாம் முழுவதும் ஜொவான்னாவின் கண்கொண்டே பார்க்கிறோம். 'ஸ்டெப்ஃபோர்ட் மனைவி' என்பது இன்று ஆங்கிலத்தில் ஏளனச் சொல்லாகவே வழங்குகிறது.

தீமையைக் காட்டுவது வேறு, தீமைக்குத் தாளம் போடுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு காட்சி உதவும். ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' (1982) பலராலும் போற்றப்படும் படம். அதில் ரேச்சல் என்ற பெண், தான் மனிதப் பிறவியல்ல, செய்யப்பட்டவள் என்பதையும், தன் பால்ய நினைவுகள்கூட மற்றொருத்தியினுடையவை என்பதையும் அறிந்து நிலைகுலைகிறாள். கதாநாயகனின் வீட்டிலிருந்து அவள் வெளியேற முயலும்போது, அவன் கதவை அறைந்து மூடுகிறான், அவளைத் தள்ளி நிறுத்தி, தன்னை விரும்புவதாகச் சொல்லும்படி ஆணையிடுகிறான், அவளும் சொல்கிறாள். அப்போது பின்னணியில் எழுவது எச்சரிக்கை ஒலியன்று. இனிய காதல் இசை. மறுத்தவளை இசையவைத்ததைப் படம் காதல் என்றே கொள்கிறது. அவள் இயந்திரப் பிறவி என்ற சமாதானம் இங்கே செல்லாது. அவளுக்கும் உள்ளம் உண்டு என்று நம்மை நம்பவைப்பதற்காகத்தானே முழுப்படமும் எடுக்கப்பட்டது!

இதற்கு விடை சொல்வதுபோல் அமைந்தது அலெக்ஸ் கார்லண்ட் எழுதி இயக்கிய 'எக்ஸ் மாக்கினா' (2014). நேதன் என்ற பெருஞ்செல்வன் மலைகளிடையே ஒரு மாளிகையில் ஏவா என்ற இயந்திரத்தைச் செய்து வைத்திருக்கிறான். அதற்குச் சுயபுத்தி உண்டா என்று சோதிக்க, கேலப் என்ற இளைஞனை ஒரு வாரத்துக்கு வரவழைக்கிறான். ஏவாவின் முகமுங்கூட, அவ்விளைஞன் இணையத்தில் தனிமையில் பார்த்த படங்களை ஒற்றறிந்து அமைக்கப்பட்டது. இளைஞன் மயங்குகிறான், அவளை விடுவிக்க முற்படுகிறான், தன்னுடன் வருவாள் என்று நம்புகிறான். அவளோ அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தனியே வெளியேறுகிறாள். இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 'அது' என்று தொடங்கிய வாக்கியங்கள் தாமாகவே 'அவள்' என்று மாறிவிடுகின்றன. அவள் மறுத்த இடத்தில் நம் திணை மாறிவிட்டது.

எனினும் எல்லோரும் இப்படத்தை ஏற்றுவிடவில்லை. விடுவித்தவனையே ஏமாற்றும் வஞ்சகி என்ற பழைய பெண்ணுருவே மீண்டும் வந்துவிட்டது என்பது ஒரு கட்சி. சிறைப்பட்டவள் சிறைக்கதவைத் திறப்பதில் வஞ்சகம் ஏது என்று நாம் கேட்கலாம். மற்றொரு கண்டனத்துக்கு விடை அவ்வளவு எளிதன்று. அதே மாளிகையில் கியோகோ என்ற ஆசிய முகமுடைய பணிப்பெண் இருக்கிறாள். அவள் பேசுவதில்லை, உணவு பரிமாறுகிறாள், ஆடுகிறாள், எஜமானனின் இச்சைக்கு இணங்குகிறாள். அவளும் இயந்திரமே என்பது பின்னர் தெரிகிறது. தன்னைச் செய்தவன்மீது கத்தியைப் பாய்ச்சுவதில் அவளுக்கும் பங்கு உண்டு. ஆயினும் அழிவது அவள், வெளியேறுவது வெண்ணிற ஏவா. வாய் பேசாத கீழ்த்திசைப் பெண் என்ற மேனாட்டுப் பழக்கத்தைப் படம் சுட்டிக்காட்டுகிறதா, அல்லது பயன்படுத்திக்கொள்கிறதா? பயன்படுத்திக்கொள்கிறது என்பவர் பக்கமே நாமும் சாய்கிறோம்.

இத்தகைய விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் அளவுகோல் உண்டு. 1985-இல் அலிசன் பெக்டல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரி வரைந்த கேலிச் சித்திரத் தொடரில் அது தோன்றியது. ஒரு படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அப்பேச்சு ஆடவனைப் பற்றியதாக இருக்கக்கூடாது. இவ்விதிப்படி தான் பார்க்க முடிந்த கடைசிப் படம் 'ஏலியன்' (1979) என்கிறாள் அச்சித்திரத்திலுள்ள பெண். அதில் இரு பெண்கள் பூதத்தைப் பற்றியாவது பேசிக்கொள்கிறார்களாம்! அப்படத்தின் மூலத் திரைக்கதையில், பாத்திரங்களை ஆணோ பெண்ணோ எவரும் ஏற்கலாம் என்று குறித்து வைத்திருந்தார்கள். ரிப்ளி என்ற பாத்திரம் ஸிகோர்னி வீவர் என்ற நடிகையிடம் வந்தது. நோய்த்தொற்று அபாயமுடையவனை உள்ளே விடமாட்டேன் என்று விதிப்படி மறுப்பவள் அவள் ஒருத்தியே. மற்றவர் அந்த மறுப்பை மீறிக் கதவைத் திறந்ததால்தான் கப்பலே அழிகிறது. பெக்டலின் அளவுகோல் பயனுடையதுதான்; ஆனால் முடிந்த தீர்ப்பு அன்று. விண்வெளியில் தன்னந்தனியே போராடும் பெண்ணைக் காட்டும் 'கிராவிட்டி' (2013) அதில் தேறாது.

நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். 1963-இலேயே தமிழில் 'கலை அரசி' வெளிவந்தது. வேற்றுலகத்தார் பறக்கும் கலமேறி வந்து, இசையிற் சிறந்த பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள், எம்.ஜி.ஆர். பின்தொடர்ந்து மீட்கிறார். இராவணன் காலத்துக் கதைதான். எனினும் அழகுக்காகவன்றிக் கலைக்காகப் பெண்ணைத் தேடி வந்தார்கள் என்பதிலும், அவ்வேடம் தாமே பாடவும் படம் இயக்கவும் வல்ல பானுமதியிடம் சென்றது என்பதிலும் ஒரு சிறப்பு உண்டு.

2010-இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தை மொழி மாற்றத்தின் உதவியால் இந்தியா முழுதும் பார்த்தது. அதில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மக்களை மீட்கும் சிட்டி என்ற இயந்திர மனிதன், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உடையின்றியே தூக்கிவந்து கூட்டத்தின் முன் நிறுத்துகிறது. படமெடுக்கும் கருவிகள் அவளைச் சூழ்கின்றன. அவள் வெட்கம் தாளாமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் இன்னதென்று தெரியவில்லை என்பதைக் காட்டவே இக்காட்சி. இதன் பிறகே விஞ்ஞானி அதற்கு உணர்ச்சிகளைப் புகட்டுகிறார். கதையமைப்பாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால், ஆடை இழந்து பலர் முன் நின்றுவிட்ட பெண்ணுக்குச் சாவைத் தவிர வேறு வழியில்லை என்பதைப் படம் கேள்வியே இன்றி ஏற்கிறது. அவமானப்பட வேண்டியவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் அல்லவா? அவளை ஒரு போர்வையால் மூடி, மறுநாள் வேலைக்குச் செல்பவளாகக் காட்டியிருந்தாலும் இயந்திரத்தின் அறியாமை விளங்கியிருக்குமே. பெண்ணின் மரணம் இயந்திரத்தின் கல்விக்கு ஒரு பாடம். பாடம் முடிந்ததும் அவளைப் படம் மறந்துவிடுகிறது. இறுதியில் சிட்டி தன்னைத் தானே பிரித்துக்கொள்ளும் காட்சிக்கோ எத்தனை கண்ணீர், எத்தனை விரிவு! உணர்ச்சி பெற்றபின் சிட்டி காதலிக்கும் சனா, நட்பு வேறு காதல் வேறு என்று தெளிவாகவே மறுக்கிறாள். படத்தின் பிற்பகுதி முழுதும் அம்மறுப்பை ஏற்க இயலாத இயந்திரத்தின் அட்டகாசமே. மறுப்பை மீறுவது குற்றம் என்று அங்கே படம் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் சனா மீட்கப்படுவதற்காகக் காத்திருப்பவளாகவே நின்றுவிடுகிறாள்.

ஆண் இயந்திரம் ஆசைப்பட்டுக் கலகம் செய்கிறது. பெண் இயந்திரம் எப்படி நடக்கிறது? 2024-இல் வந்த 'தேரி பாத்தோன் மேம் ஐஸா உல்ஜா ஜியா' என்ற இந்திப் படத்தில் இளைஞன் ஒருவன் ஸிஃப்ரா என்ற இயந்திரப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, உண்மையை மறைத்து வீட்டுக்கு அழைத்து வருகிறான். எதற்கும் எதிர்ச்சொல் கூறாத மருமகளாக அவள் குடும்பத்தாருக்குப் பிடித்துப்போகிறாள். சிரித்துக்கொண்டே பார்க்கும் படந்தான். ஸிஃப்ராவைச் செய்தவளாகக் கதையில் வருபவளும் ஒரு பெண். படத்தை இயக்கிய இருவருள் ஒருவரும் பெண்மணியே. ஆனால், ஸ்டெப்ஃபோர்ட் மனைவியரைக் கண்டு அஞ்சிய திரைப்படம், அரை நூற்றாண்டு கழித்து அதே பொம்மைக்குப் பெண் பார்க்கும் வைபவம் நடத்துகிறது.

இவையெல்லாம் வெறும் கற்பனை, இயந்திரத்துக்காக இத்தனை வழக்கா என்று கேட்பவர் உண்டு. வழக்கு இயந்திரத்துக்காக அன்று. 2011 முதல் கைபேசிகளில் ஏவல் கேட்கும் குரல்கள் வரத் தொடங்கின; பல நாடுகளில் அவை முதலில் பெண் குரலாகவே அமைந்தன. வசை மொழிக்கும் நயமாகப் பதில் சொல்லும்படி இக்குரல்களை அமைத்திருந்ததை 2019-இல் யுனெஸ்கோவின் அறிக்கை ஒன்று கண்டித்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், ஆங்கிலத்தில் எக்குரல் வேண்டுமென்று வாங்குபவரையே தேர்ந்தெடுக்கச் செய்தது. 'ஹெர்' (2013) என்ற படத்தில் உருவமற்ற இயந்திரக் காதலிக்குக் குரல் கொடுத்தவர் ஸ்கார்லெட் ஜொஹான்சன். 2024-இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் உரையாடும் இயந்திரத்துக்குக் குரல் தரும்படி அவரைக் கேட்டதாகவும், தாம் மறுத்ததாகவும், பின்னர் வெளிவந்த குரல் தம்முடையதைப் போன்றே இருந்ததாகவும் அவர் பகிரங்கமாகக் கூறினார். அது அவரைப் பின்பற்றியதன்று, வேறொரு நடிகையின் குரல் என்று நிறுவனம் சொல்லிற்று. எனினும் அக்குரலை நிறுத்தி வைத்தது.

வேறு விதமாகக் கற்பனை செய்ய முடியாதா? முடியும், நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். ஆரத்தி கடவ் இயக்கிய 'கார்கோ' (2019) என்ற இந்திப் படத்தில், இறந்தோரை மறுபிறவிக்கு ஆயத்தம் செய்யும் விண்கலத்தில் இளம்பெண் ஒருத்தி வேலைக்குச் சேருகிறாள். அவளுடைய கவலையெல்லாம் வேலையைப் பற்றியது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1905-இல், வங்கத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள். மழையை வேண்டும்போது பெறுகிறார்கள். ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கிறார்கள். அக்கதையை முதலில் வெளியிட்டது சென்னையிலிருந்து நடந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்ற மாதர் பத்திரிகை. அதைத் தழுவிய சித்திரப் படத்தை 2023-இல் ஸ்பெயின் நாட்டின் இஸபெல் எர்கெரா என்ற பெண்மணி எடுத்து முடித்தார். எந்திரனுக்குக் கோடிகளைச் செலவிட்ட சென்னையில் இக்கதை இன்னும் படமாகவில்லை.